காய்ச்சல் ஏறியதா, ஏற்றினார்களா?

அன்புள்ள மல்லிகாவுக்கு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆனி மாதத்தில் பதில் எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள், நியாயம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை என் கையிலிருந்து பிடுங்கிப் படிக்கிறாள். சின்னவன் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவரும் சுகம். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். போன வாரம் என் இங்கிலீஷ் வகுப்பில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாயங்கால வகுப்புக்கு மேரி என்று ஒரு பெண் வருகிறாள். நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து, தூங்கி எழுந்து, நேரே இங்கே வருவாள். வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்ற, ஆஸ்பத்திரி வேலை செய்பவர்களுக்கான இங்கிலீஷ் தேர்வு எழுதப்போகிறாள். அதில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அடுத்துப் பார்த்துக்கொள்ளப்போகிறவருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். மேரியின் பயிற்சிக் கடிதத்தில் ‘டெம்பரேச்சர் ரெய்ஸ்டு’ என்று இருந்தது. ரைஸின் இறந்தகாலமான ‘ரோஸ்’ என்று திருத்தினேன். “டெம்பரேச்சர் இன்க்ரீஸ்டுன்னா சரிங்கிறீங்க, ரெய்ஸ்டு மட்டும் ஏன் தப்பு மேடம்?” என்றாள். ரைஸுக்குச் செயப்படுபொருள் வராது, ரெய்ஸுக்குக் கட்டாயம் வேண்டும் என்று எப்போதும் சொல்வதையே சொன்னேன். தலையாட்டினாள். மறுநாளும் அதே தப்பு. முன்பு போன கோச்சிங் சென்டரில் முழு முழு வாக்கியமாக மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறார்கள். வாக்கியம் கொஞ்சம் மாறினாலும் பாவம், அவளுக்குப் பிடி நழுவிவிடுகிறது. மூன்றாம் நாள் நோட்டிலேயே கண்ணீர் விழுந்துவிட்டது.

எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. விடிந்ததும் அம்மா அடுப்படிக்கு வந்து, “மாப்பிள்ளையை நீ எழுப்புனியா, அவரா எழுந்தாரா?” என்று கேட்டாள். பால் பாத்திரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன் மல்லிகா. எழுந்தார், எழுப்பினேன். ரோஸ், ரெய்ஸ்டு. நம்ம தமிழம்மா எட்டாம் வகுப்பில் பலகை நிறைய எழுதிப் போட்ட தன்வினை, பிறவினைதானே இது!

அன்று சாயங்காலம் மேரியிடம் இங்கிலீஷே பேசவில்லை. காய்ச்சல் ஏறியது, குளுக்கோஸ் ஏற்றினோம். சம்பளம் உயர்ந்தது, சம்பளத்தை உயர்த்தினார்கள். சந்தேகம் எழுந்தது, சந்தேகத்தை எழுப்பினாள். “இதில் எதையாவது மாற்றிச் சொல்வாயா?” என்று கேட்டேன். “நான் காய்ச்சல் ஏற்றியதுன்னு எழுதியிருக்கேனா மேடம்?” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்தத் தப்பு வரவே இல்லை. பிரச்சினை தானாகக் கிளம்பினால் அரைஸ், யாராவது கிளப்பினால் ரெய்ஸ் என்று அவளே அடுத்ததையும் சொல்லிவிட்டாள்.

அவளைக் குழப்பியது அந்த இன்க்ரீஸ்தான். அது இரண்டு வேலையும் செய்யும் சொல். விலை தானாகக் கூடினாலும் இன்க்ரீஸ், கடைக்காரர் கூட்டினாலும் இன்க்ரீஸ். நம் ‘திற’ மாதிரி: கதவும் திறக்கும், நாமும் கதவைத் திறப்போம். பழைய இங்கிலீஷிலும் சொல்லுக்குள் உயிரெழுத்தை மாற்றிப் பிறவினை ஆக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அதில் மிஞ்சியவைதான் உட்கார்ந்தால் சிட், உட்கார வைத்தால் செட், படுத்தால் லை, கிடத்தினால் லே, மரம் விழுந்தால் ஃபால், மரத்தை வீழ்த்தினால் ஃபெல். ரைஸுக்கு அவர்களுடைய சொந்த ஜோடி ரியர். ரெய்ஸ், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. வந்த சொல் நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டது, வீட்டுச் சொல்லான ரியர் ஆடு மாடு, பிள்ளை வளர்ப்பதோடு ஒதுங்கிவிட்டது. லிஃப்ட்டும் அந்த வைக்கிங் மொழிச் சொல்தான்.

இப்போது நானும் மேரியும் மேலே போகும் சொற்களாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். வீங்கிய காலைத் தலையணை வைத்து உயர்த்தினால் ஆஸ்பத்திரியில் எலிவேட். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதற்கு க்ளைம்ப் போதும், அசெண்ட் என்றால் மலையுச்சிக்குப் போன மாதிரி ஆகிவிடும். படுக்கையிலிருந்து எழுந்தார் என்பதற்கு காட் அப். ரோஸ் என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் நாவல் வாடை அடிக்கும். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாவற்றையும் கொடியேற்றம் என்றுதானே சொன்னோம்? ஆகஸ்ட் 15-ல் கீழிருந்து கயிற்றில் மேலே இழுப்பது ஹாயிஸ்ட். ஜனவரி 26-ல் கொடி ஏற்கெனவே உச்சியில் கட்டியிருக்கும், விரித்து மட்டும் விடுவார்கள், அது அன்ஃபர்ல்.

அந்த ‘அப்’ என்ற குட்டிச் சொல் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஈட் அப், யூஸ் அப், க்ளீன் அப்: இதிலெல்லாம் எது மேலே போகிறது? எதுவுமில்லை. மிச்சம் வைக்காமல் முடி என்று அர்த்தம். சாப்பிட்டுவிடு, தீர்த்துவிடு என்கிறோமே, நம் ‘விடு’ செய்கிற வேலையை அவர்களுக்கு ‘அப்’ செய்கிறது.

உன் வக்கீலய்யாவிடம் கேட்டுப் பார், கோர்ட் கலையும்வரை என்ற தண்டனைக்கு இங்கிலீஷில் ‘டில் தி ரைசிங் ஆஃப் தி கோர்ட்’ என்பார்கள். அங்கே எழுவதுதான் கலைவது. அப்புறம் உன் மகன் போனில் ‘எஸ்கலேட் பண்ணிடுவேன்’ என்று யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தானே? எக்மோர் ஸ்டேஷனில் நீ கால் வைக்க மாட்டேன் என்று ஜமுனாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்த எஸ்கலேட்டரிலிருந்து பிறந்த சொல்தான் அது. எஸ்கலேட்டர் ஓட்டிஸ் கம்பெனியின் வணிகப் பெயராக இருந்தது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். ஊரெல்லாம் அந்தப் பெயரையே சொல்லிச் சொல்லிப் பொதுச்சொல்லாகிவிட்டதால் 1950-ல் அமெரிக்காவில் அவர்கள் உரிமை போய்விட்டது. பெயர்ச்சொல்லின் வாலை வெட்டி வினைச்சொல் ஆக்கியிருக்கிறார்கள். உன் பிள்ளை ஒரு புகாரைப் படி ஏற்றி மேலதிகாரியிடம் அனுப்புகிறான், அவ்வளவுதான். சம்பளம் கூடினால் லண்டன்காரருக்கு ரைஸ், அமெரிக்கருக்கு ரெய்ஸ், நம் பிள்ளைகளுக்கு ஹைக். அவனுக்கு வந்ததா இந்த வருஷம்?

இருபத்திரண்டு வருஷமாக இந்த வகுப்பு எடுக்கிறேன். உள்ளே வந்தால் தமிழ் பேசக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன், நீகூடப் பார்த்திருக்கிறாய். எத்தனை பிள்ளைகள் மேரி மாதிரி தலையாட்டிவிட்டு, புரியாமலே வீட்டுக்குப் போயிருப்பார்கள்! பாதி விடை அவர்கள் வாயிலேயே இருந்திருக்கிறது, அந்த வாயை நான் மூடச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தக் காகிதத்தைச் செவ்வாய்க்கிழமை கிழித்துவிட்டேன்.

தமிழம்மாவின் இலக்கண நோட்டு உன்னிடம்தான் இருந்தது, அட்டையில் மயில் ஒட்டியது. பரணில் பார். தன்வினை, பிறவினைப் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். மேரிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. போன் பண்ணுவதானால் ஏழரைக்கு மேல் பண்ணு, அதற்குள் வகுப்பு முடிந்திருக்கும்.

அன்புடன்,
சாந்தா