கொடுக்காத மருந்துக்கும் சேர்த்து நன்றி

சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் என் கணவரின் இடது கண்ணுக்காகப் பாடுபட்ட அனைவருக்கும் வணக்கம்.

நன்றி மடல் என்றால் பெரிய டாக்டரில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசியில் "மற்றும் ஊழியர் அனைவருக்கும்" என்று முடிப்பது வழக்கம். எனக்கு அந்த வரிசை ஒத்துவரவில்லை. என் முதல் நன்றி எங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கில் இருக்கும் இளம் பெண் டாக்டருக்கு. அவர் தந்த மருந்தைவிட, தர மறுத்த மருந்துதான் எங்களைக் காப்பாற்றியது.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். நீண்ட கோலில் பூட்டிய அரிவாளால் மட்டையை இழுத்தபோது தூசும் செத்தையும் கண்ணில் விழுந்தன. அந்த வேலையில் இது அடிக்கடி நடப்பதுதான். சாமான் கொட்டகைக்குப் பின்னால் மழைநீர் பிடித்து வைத்திருக்கும் டிரம்மில் அள்ளிக் கழுவிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். சில நாளில் கண் சிவந்தது. வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டியது. பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் முதலில் பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது கேட்காதபோது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி கருவிழிப் படலத்தில் தொற்றும் நோய் இது என்று பின்னால்தான் தெரிந்தது. இந்த நோய் தொடக்கத்தில் கருவிழிப் படலத்தின் மேல் கிளை கிளையாகப் புண் காட்டி, பார்ப்பவரை ஹெர்பிஸ் என்றே நினைக்க வைக்குமாம். உலகம் முழுவதும் கண் டாக்டர்கள் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

வலி மட்டும் எதற்கும் பொருந்தவில்லை. செம்பனை முள் பாதத்தில் ஆழமாக ஏறியபோது தானே பிடுங்கி எறிந்துவிட்டு வேலையை முடித்து வந்தவர் என் கணவர். அவர் இருட்டறையில் குப்புறப் படுத்து அழுதார்.

பிறகுதான் எங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்குக்கு வந்தோம். டாக்டர், நீங்கள் கண்ணைப் பார்த்துவிட்டு, "இந்தப் புண்ணுக்கு இவ்வளவு வலி இருக்கக்கூடாதே" என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்து என் மாமியார், தம்முடைய கண்புரை அறுவை சிகிச்சையில் மிஞ்சிய சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து நீட்டினார். போட்டால் சிவப்பு உடனே இறங்கும் என்று லயத்தில் நாலு பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். நீங்கள் புட்டியைத் திருப்பிப் படித்தீர்கள், ஸ்டெராய்டு என்றீர்கள், மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டீர்கள். மாமியார் அந்தப் புட்டியைப் பற்றி இன்றும் விசாரிக்கிறார்.

அது கண்ணில் விழுந்திருந்தால் சிவப்பு உண்மையிலேயே இறங்கியிருக்கும். நாங்களும் குணமாகிவிட்டது என்று வீட்டில் இருந்திருப்போம். உள்ளே உடலின் எதிர்ப்பு அடங்கிப்போக, ஒட்டுண்ணி தன் பாட்டுக்குப் பெருகியிருக்கும். நோய் இன்னதென்று தெரியுமுன் ஸ்டெராய்டு போட்ட கண்களில் பார்வை இழப்பு அதிகம் என்று பின்னால் ஈப்போவில் சொன்னபோதுதான் அந்த இழுப்பறையின் அருமை எனக்குப் புரிந்தது.

பிறகு நீங்கள் கேட்ட கேள்விகள். காண்டாக்ட் லென்ஸ் போடுவாரா என்றதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. "கண்ணை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. வசதியான நாடுகளில் இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் லென்ஸ் போடுகிறவர்கள்; இந்தியாவிலோ மண்ணும் அழுக்குத் தண்ணீரும் பட்ட உழைப்பாளிகள்தாம் அதிகம். லென்ஸ் இல்லை என்றதும் பல இடங்களில் சந்தேகமும் அங்கேயே நின்றுவிடுகிறது, நோய் வளர்ந்துவிடுகிறது. நீங்கள் ஈப்போவுக்கு எழுதிய கடிதத்தில் காரணம் உறுதியாகவில்லை என்று எழுதி, வலி மிகுதி, மழைநீர் பட்டிருக்கிறது, அமீபாவாக இருக்கலாம், சுரண்டிப் பார்க்க வேண்டுகிறேன் என்று சேர்த்திருந்தீர்கள். தெரியாததைத் தெரியாது என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுக்கும் டாக்டரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஈப்போ பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அடுத்த நன்றி. மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிர்ந்ததாம். மரத்துப்போகும் சொட்டு விட்டபின் சிறு கத்தியால் கருவிழிப் படலத்தின் மேற்பரப்பைச் சுரண்டினார்கள். கேட்கவே கூசும் வேலை. என் கணவரின் தலையைப் பிடித்துக்கொண்டு "பயம் வேண்டாம்" என்று தமிழில் சொன்ன சீன மிஸ்ஸி (நர்ஸ்), அவர் உங்களை இன்னும் விசாரிக்கிறார். ஒவ்வொன்றையும் செய்யுமுன் என்ன செய்யப் போகிறோம் என்று மலாயில் பொறுமையாகச் சொன்ன மலாய்க்கார டாக்டருக்கும் நன்றி.

இனி, நான் முகமே பார்க்காத ஒருவர். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நீங்கள் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. கண்ணிலிருந்து எடுத்த துணுக்கு ஊசிமுனையளவு. அதில் கொஞ்சத்தை நீங்கள் கண்ணாடிச் சில்லில் தடவி, கால்கோஃபுளோர் என்ற சாயம் ஏற்றி, புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தீர்கள். அமீபா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் இரட்டைச் சுவர்க் கூடு அந்தச் சாயத்தைப் பிடித்து ஒளிர்கிறது. பூஞ்சையும் அதே சாயத்தில் ஒளிரும் என்பதால் வடிவத்தைப் பார்த்துப் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். மீதியை ஒரு தட்டில் வளர்க்க வைத்தீர்கள். சத்து எதுவும் கலக்காத அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டு, அதன்மேல் ஈ.கோலை பாக்டீரியாவை மட்டும் பூசிவிடுவார்களாம். வேறு தீனி இல்லாததால் அமீபா இருந்தால் பாக்டீரியாவைத் தின்றுகொண்டே ஊரும், ஊர்ந்த வழி நுண்ணோக்கியில் தடமாகத் தெரியும். ஒரு நாளில் தெரிவதில்லை. நாள்தோறும் எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று மூடி வைத்து, மறுநாள் மறுபடி எடுத்துப் பார்த்த உங்கள் பிடிவாதத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? தடம் தெரிந்தது என்று நீங்கள் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் மேலே எல்லோரும் உறுதியாகப் பேசத் தொடங்கினார்கள்.

அகந்தமீபா என்று பெயர். மண்ணில், ஆற்றில், குழாயில், தொட்டியில், தூசியில் எங்கும் இருக்கிறது. 1930இல் கஸ்தெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் ஈஸ்ட் வளர்த்த தட்டில் இதைக் கண்டிருக்கிறார். மனிதக் கண்ணைக் கெடுக்கும் என்று தெரிய 1970களாகிவிட்டது. மலேசியாவின் முதல் நோயாளி பற்றிய அறிக்கை மருத்துவ இதழில் வந்தது 1995இல். என் கணவர் அப்போது தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்.

மருந்தகத்தாருக்குத் தனியாக எழுத வேண்டும். பெயர் தெரிந்தபின் மருந்து கடையில் கிடைக்கும் என்று நினைத்தேன். இதற்குத் தயாராக அடைத்த புட்டி அங்கே இல்லை. நீங்கள்தான் கலந்து கொடுத்தீர்கள். ஒன்று குளோர்ஹெக்சிடின், 0.02 விழுக்காடு. மற்றது பாலிஹெக்சனைடு, அதுவும் 0.02 விழுக்காடு. நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யப் பயன்படும் வேதிப்பொருள் அது என்று கேட்டு என் மாமியார் மயங்காத குறை. தொடக்கத்தில் மணிக்கொரு முறை, இரவிலும். பிறகு மெல்ல மெல்லக் குறைத்து, மாதக்கணக்கில். கூட்டுக்குள் புகுந்த அமீபா சாவதற்கு நாளாகும், வலி நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று ஒவ்வொரு புட்டியோடும் நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது எரிச்சலாக இருந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி.

அந்த இரவுகளை நான் ஒருத்தி தாங்கியிருக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா நள்ளிரவுக்குப் பின் வந்து உட்கார்ந்துகொண்டு என்னைத் தூங்க வைத்தார். அவர் மகன் எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்க விழித்திருந்ததால் விடியற்காலைச் சொட்டுகள் அவன் பொறுப்பாயின. தம்பி, உன் தேர்வு முடிவு எப்படி வந்தாலும் எங்கள் வீட்டில் நீ முதல் வகுப்புதான்.

என் கணவரோடு வேலை செய்யும் இந்தோனேசிய நண்பர் அன்று தம் மோட்டார் சைக்கிளில் அவரைக் கிளினிக்குக்கு ஏற்றிச் சென்றார், அரை நாள் கூலியை விட்டுவிட்டு. இந்த மடலை அவரால் படிக்க முடியாது. மலாயில் நேரில் சொல்லிவிட்டேன். எங்களுக்குக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரிடம் 5 வெள்ளி. இதே நோய் அவருக்கு வந்திருந்தால், வெளிநாட்டவர் என்பதால் கட்டணம் பல மடங்கு. இதையும் இங்கே எழுதி வைக்கத் தோன்றுகிறது.

தோட்டத்துக் கணக்கர் கிராணிக்கு: எடை போடும் இடத்தில் வேலை மாற்றிக் கொடுத்ததற்கும், வெட்டுகிறவர்களுக்குக் கண்ணாடியும் கண் கழுவப் புட்டி நீரும் வாங்கி வைத்ததற்கும் நன்றி. டிரம்முக்கு இன்னும் மூடி வரவில்லை.

இப்போது கண்ணில் ஒரு வடு இருக்கிறது. பலகையில் மேல் வரிசைகளைப் படிக்கிறார், கீழ் வரிசைகளை ஊகிக்கிறார். அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் இந்த ஆண்டு ஒரு வேளை அன்னதானம் எங்களுடையது. அரசாங்க ஊழியர்கள் பரிசு வாங்கக்கூடாது என்று தெரியும். அன்னதானம் பரிசில் சேராது என்று கோயில் தலைவர் உறுதி கூறுகிறார். கிளினிக்கிலிருந்தும் கண் பிரிவிலிருந்தும் வாருங்கள். ஆய்வுக்கூடத்திலும் மருந்தகத்திலும் அன்று வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அதில் சைவம் எத்தனை என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் பொட்டலம் கட்ட வசதியாக இருக்கும்.