முழுப்பேர் போட்ட அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் அம்மாயி போய்விட்டார் என்று கேட்டதும் அந்த மழையிலும் வந்து நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நடந்தவை நீலகிரியின் பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்தில் அனைவருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்த அக்கா, இது உங்களுக்கு.

கடைசி நாட்களில் அம்மாயி விடியுமுன் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, கூடை எங்கே, இடுப்பில் கட்டும் படங்கு எங்கே என்று கேட்பார். “இது ஆஸ்பத்திரி, அம்மாயி” என்று நாங்கள் சொல்லச் சொல்லக் கோபம்தான் ஏறியது. குளுக்கோஸ் ஏறும் கையை உதறுவார். அப்போதுதான் நீங்கள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தீர்கள்.

“கொழுந்தெல்லாம் எடை போட்டாயிற்று அம்மா. உங்களுக்கு முழுப்பேர். கூடையை இறக்கிவிட்டுப் படுங்கள்.”

முழுப்பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாளின் முழுக்கூலி. அம்மாயி உங்களை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தனை இராத்தல்?”

இராத்தல் என்ற பழைய எடைக்கணக்கைச் சொன்னதும், மனதால் அவர் இலங்கையின் அட்டன் மலையில் இருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. இங்கே எல்லாம் கிலோதான். நீங்கள் திகைக்கவே இல்லை. “முப்பது” என்றீர்கள்.

“ஈரத்துக்குக் கழித்தார்களா?”

“ஒன்றுகூடக் கழிக்கவில்லை.”

மழை நாளில் ஈரத்துக்குக் கழிக்காத தராசு எந்தத் தோட்டத்திலும் கிடையாது. அம்மாயிக்கும் அது தெரியும். ஆனாலும் சிரித்தார், படுத்தார், தூங்கினார். அதற்குப் பிறகு உங்கள் பணி இருந்த ஒவ்வோர் இரவும் செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில், அவர் பெயர் ஏறியது.

உங்கள் அம்மாவும் கொழுந்து எடுத்தவர் என்று பின்னால் சொன்னீர்கள். அதனால்தான் முழுப்பேர் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்த நாளில் அம்மாயிக்குச் சோறு இறங்காது. அது என் அம்மாவின் நோட்டுப் புத்தகக் காசு.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகளும் கணக்குப் போட்டபோது, அதில் தானும் ஒருத்தி என்று அவருக்குத் தெரியாது. அட்டனில் கோச்சி என்று அவர் சொல்லும் ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக, பார்த்தே இராத இந்த நாட்டுக்குக் கைக்குழந்தையோடு வந்தார். திரும்பியவர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டத்தில், அட்டைக்கடிக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலை ஏறினார். ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. சிறு விவசாயிகளின் தோட்டங்களில் கொழுந்து எடுத்து என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினார். போதும் என்றால், “நீ படி, உனக்கெதற்கு இந்தக் கணக்கு” என்பார். எங்கள் யாருக்கும் அவரை உட்கார வைக்கத் தெரிந்ததில்லை. அக்கா, உங்களுக்குத் தெரிந்திருந்தது.

மண் சரிந்த பாதையில் பாடையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்த தம்பிகள், வாடகை வாங்க மறுத்த ஜீப் ஓட்டுநர், விடிய விடியக் கட்டன் சாயா போட்டுத் தந்த மலையாளத்து அண்டை வீட்டார், குரல் உடைய ஒப்பாரி வைத்த லயத்து வரிசை வீடுகளின் பெரியம்மாக்கள், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த வார்டில் துணைக்கு ஆளில்லாத தோட்டத்துக் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவுகளில் நான் வந்து உட்காருகிறேன் என்று தலைமைச் செவிலியரிடம் சொல்லிவிட்டேன். எத்தனை இராத்தல் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது தெரியும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவசியம் வாருங்கள், அக்கா. தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் அம்மாயி சொல்லித் தந்தபடியே செய்கிறோம். இரவுப் பணி முடித்து நேராக வருவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆஸ்பத்திரி வாசலுக்கே ஜீப் அனுப்புகிறோம்.