1996 இல் வென்றிருந்தால்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

1996 ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படம் அமெரிக்காவில் எடுபட்டிருந்தால், நின்றுபோயிருந்த பி.பி.சி.யின் விஞ்ஞானக் கதைத் தொடர் ‘டொக்டர் ஹூ’ அப்போதே மீண்டிருக்கும், ஒன்பது வருடங்கள் வீணே போயிரா என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேச்சில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

1963 இல் தொடங்கிய தொடரை, இனி இல்லையென்று வெளிப்படையாகச் சொல்லாமலே, பி.பி.சி. 1989 மார்கழியோடு நிறுத்தியது. கனடாவின் வன்கூவரில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தைப் பிரித்தானியாவில் 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தும் பயனில்லாமற் போனது, அதை அங்கே ஒளிபரப்பிய ஃபொக்ஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு வேண்டிய அமெரிக்கப் பார்வையாளர் வராததால்தான். வந்திருந்தால், அடுத்த கதைகளும் அவர்களுடைய விளம்பர இடைவேளைகளுக்கு ஏற்றபடியே எழுதப்பட்டிருக்கும். அங்கே கூட்டம் குறைந்த அன்றே தொடர் இரண்டாம் முறையும் நின்றிருக்கும். அதன்பின் அதைத் தொட யார் துணிந்திருப்பார்?

தொடர் தொடங்கிய அதே 1963 இல் வேல்ஸின் சுவான்சியில் பிறந்து, அதைப் பார்த்தே வளர்ந்த ரசல் டேவிஸ், பெயர்பெற்ற எழுத்தாளராகி, 2003 இல் தொடரை மீண்டும் எழுத பி.பி.சி. அழைத்தபோது ஆயத்தமாக இருந்தாரே, அதற்கு அந்த வருடங்கள் வேண்டியிருந்தன. இடையில் 1999 முதல் பழைய நடிகர்களே ஒலி நாடகங்களில் கதையைத் தொடர்ந்தார்கள். மின்சாரமில்லாத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நீ கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியில் பி.பி.சி. தமிழோசை கேட்டோமே. சுற்றுவது தளர்ந்தால் குரலும் மங்கும், நான் “சுத்து பிள்ளை” என்பேன். வெறும் குரலை நம்பி மனிதர் எவ்வளவு காலம் காத்திருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இணையத்திலேயே தொடர் தொடர்ந்திருந்தால் என்று பேரன் கேட்ட மற்றப் பாதையும் உண்டு. ரிச்சர்ட் கிராண்ட் குரல்கொடுத்த இணைய அசைபடம் 2003 கார்த்திகையில் வெளிவந்தது. உருவம் மாறி மாறிப் புதுப்புது நடிகர்கள் ஏற்கும் கதாநாயகன்தானே டொக்டர். அவரே அடுத்த டொக்டராக நிலைத்திருக்கக்கூடும். ஆனால் அதற்கு முன்பே, புரட்டாதியில், டேவிஸின் தொடர் அறிவிக்கப்பட்டுவிட்டது.

அந்தத் தொடரின் முதற் பகுதி ஒளிபரப்பான 2005 மார்ச் 26 மாலை நான் உன் வீட்டில் இருந்தேன். புடவைக்கடைப் பொம்மைகள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் இறங்கியதும், ஐந்து வயதுப் பேரன் என் வேட்டித் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். வேல்ஸின் கார்டிஃபில் உருவான தொடர் தந்த அந்த மாலையை, நீ சொல்லும் 1996 இன் வெற்றிக்கு மாற்றிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒன்றில் மட்டும் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தப் படத்தின் டொக்டரான போல் மக்கானுக்குப் பல வருடத் தொடர் கிடைத்திருக்கும். 2013 இல்தான், ஏறக்குறைய ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றில், அவர் மறுபடி திரையில் தோன்றினார், அதுவும் இறந்து வேறு உருவம் எடுப்பதற்காக. அதை நீ அனுப்பியபோது மூன்று தடவை பார்த்தேன். அந்த மனிதருக்கு அது போதாது, மகள்.

அன்புடன்,
அப்பா