எந்த உயிரில் கண்டது என்று தலைப்பிலேயே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில், முதுமையைத் தள்ளிப்போடும் ரகசியம் கிடைத்துவிட்டது என்ற தலைப்பில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. ஈஸ்ட் என்ற நுண்ணுயிரின் செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுக்கும் அதன் மூப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆராய்ச்சி அது. ஆனால் ஈஸ்ட் என்ற சொல் அதில் ஆறாவது வரியில்தான் வருகிறது. தலைப்பில் இல்லை. அதனால் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரி. எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். எழுபது வயது தாண்டிவிட்டது. இரண்டு மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். பத்து நாளுக்கு முன்னால் வீடு வீடாக வந்த ஒருவர், ஒரு மாத்திரை டப்பாவை 2,400 ரூபாய்க்கு அவரிடம் விற்றுவிட்டுப் போயிருக்கிறார். அவர் காட்டியது உங்கள் செய்தியை. அழகாக வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாராம். டப்பாவின் மேல் 'செல் சவ்வைப் புதுப்பிக்கும்' என்று அச்சடித்திருக்கிறது.

"பேப்பர்லயே போட்டிருக்காங்களே, பொய்யா இருக்குமாம்மா?" என்றார் பெரியம்மா. அதைவிட அடுத்த கேள்விதான் என்னைப் பதறவைத்தது. "இதைச் சாப்பிடறேனே, பிரஷர் மாத்திரையை நிறுத்திக்கலாமா?"

கூடாது என்று சொல்லி, உட்கார வைத்துப் பேசினேன். ஆனால் செய்தியே பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அது பொய் இல்லை. எம்.எஸ்சி. முடித்ததும் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இரண்டரை வருடம் பிராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். ஈஸ்ட் செல்லுக்கு வயதாவதைக் கண்ணால் பார்த்து எண்ணுவதுதான் அங்கே என் வேலை.

ரொட்டி உப்புவதற்குப் போடும் அதே ஈஸ்ட்தான். ஒரு செல்லின் அகலம் சுமார் 5 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. அது சரிபாதியாகப் பிரிவதில்லை. உடம்பில் ஒரு மொட்டு விடும், மொட்டு பெரிதாகும், பிறகு பிரிந்து போகும். பெரியது தாய், சின்னது மகள். அகார் என்ற கூழ் பரப்பிய தட்டின் மேல் நாற்பது, ஐம்பது தாய்களை வரிசையாக வைத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒவ்வொரு மகளையும் ஒதுக்கிவிட வேண்டும். சில மகள்கள் லேசில் விடாது. அப்போது மேசையை விரலால் மெதுவாகத் தட்டினால் ஊசி நடுங்கும், அந்த நடுக்கத்தில் பிரிந்துவிடும். நோட்டில் ஒரு கோடு. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த மகள் தயார். இரவு வீட்டுக்குப் போகும்போது தட்டை 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவோம், குளிரில் எல்லாம் அப்படியே நிற்கும். காலையில் எடுத்துத் தொடர்வோம். ஒரு தட்டு முடிய வாரக்கணக்கில் ஆகும்.

சராசரியாக 25 மகள்கள். அதற்குமேல் தாய்க்கு முடிவதில்லை. இதை முதலில் எண்ணிக் காட்டியவர்கள் ராபர்ட் மார்ட்டிமர், ஜான் ஜான்ஸ்டன் என்ற இருவர், 1959-இல். ஒரே ஒரு செல்லாக இருக்கும் ஈஸ்ட்டுக்கும் மூப்பு உண்டு என்று அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது. கடைசி மகள்களைப் பெறும் தாயை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். உருவம் பெருத்து, மேற்பரப்பெல்லாம் பழைய மொட்டுகளின் தழும்பாக, ஒரு மகளுக்கே மூன்று நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் மிகக் கடைசியில் பிறப்பவை தவிர, வயதான தாய்க்குப் பிறக்கும் மகள்கள் பெரும்பாலும் புத்தம் புதிதாகத் தங்கள் கணக்கைத் தொடங்கும். கிழட்டு உடம்பிலிருந்து இளசு எப்படி வருகிறது? இந்த ஆராய்ச்சியில் என்னைக் கட்டிப்போட்ட கேள்வி இதுதான்.

சவ்வு வருவது இந்த இடத்தில்தான். (உங்கள் செய்தியில் ஓரிடத்தில் 'செல் சுவர்' என்று போட்டிருந்தீர்கள். ஈஸ்ட்டுக்குச் சுவர் வேறு, அதற்கு உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வு வேறு. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது.) சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர், அதாவது அந்தச் செல்லின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு அடுக்குக் கொழுப்பு, நடுநடுவே புரதங்கள். பெரியம்மாவுக்கு இதை எண்ணெயை வைத்துத்தான் சொன்னேன். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்தால்தான் ஊற்ற முடிகிறது, பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் உறையாமல் ஓடுகிறது. சவ்வில் இருக்கும் கொழுப்பிலும் அப்படி உறைகிற வகை உண்டு, ஓடுகிற வகை உண்டு. இரண்டும் அளவாகக் கலந்திருந்தால்தான் சவ்வு இறுகியும் போகாமல் ஒழுகியும் போகாமல் இருக்கும். ஈஸ்ட்டில் ஓடுகிற வகையைச் செய்ய ஓலே1 என்ற ஒரே ஒரு நொதிதான் (நொதி என்றால் செல்லுக்குள் வேதிவினையை நடத்தும் புரதம்). குளிர் பட்டால் செல் அந்த நொதியைக் கூடுதலாகச் செய்துகொள்ளும். பெரியம்மா உடனே புரிந்துகொண்டார்.

சரி, தாய்க்கும் மகளுக்கும் வருகிறேன். வெளிச் சவ்வில் பிஎம்ஏ1 என்றொரு புரதம் பம்ப் போல வேலை செய்கிறது. செல்லுக்குள் இருக்கும் புரோட்டானை, அதாவது புளிப்பை, வெளியே தள்ளும். செல்லுக்குள் பழைய பாகங்களைச் செரிக்கும் வாக்குவோல் என்று ஒரு பை இருக்கிறது. அந்தப் பைக்குள் நல்ல புளிப்பு இருந்தால்தான் அதன் வேலை நடக்கும். 2014-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேனியல் காட்ஷ்லிங் குழுவினர் கண்டது இதுதான்: தாய்க்கு வயது ஏற ஏற அந்தப் பம்ப் தாயின் சவ்வில் சேர்ந்துகொண்டே போகிறது, மொட்டுக்கு அவ்வளவாகப் போவதில்லை. பம்ப் புரோட்டானை வெளியே தள்ளிவிடுவதால் பைக்குப் போக மிஞ்சுவது குறைந்து, தாயின் பையில் புளிப்பு குறைகிறது. மகளின் பையில் அது மறுபடி ஏறுகிறது. புளிப்பு குறைந்தால் பிறகு செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் கெடும் என்பதை அதே ஆய்வகம் 2012-லேயே காட்டியிருந்தது. பம்பின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தபோது தாய் செல்கள் கூடுதலாக மகள்களைப் பெற்றன. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வேண்டாததைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு மகளை அனுப்பும் தாய்களை அன்று பகல் முழுக்க என் ஊசி முனையில் பார்த்திருந்தேன்.

ஆனால் இது ஈஸ்ட். நம் செல் இப்படி மொட்டு விடுவதில்லை. பிஎம்ஏ1 நம்மிடம் இல்லை. சவ்வின் சரக்குகூட வேறு. நமக்குக் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் ஈஸ்ட்டுக்கு எர்கோஸ்டெரால் என்ற வேறொரு கொழுப்பு இருக்கிறது. ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான், மற்றப் பூஞ்சைகளுக்கும் இதேதான். 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசிக்குப் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மருந்து எர்கோஸ்டெராலைத்தான் முதலில் பிடிக்கிறது. இரண்டு சவ்வும் ஒரேமாதிரி இருந்திருந்தால் பூஞ்சையை விட்டுவைக்காதது நம்மையும் அதே அளவுக்கு விட்டுவைத்திருக்காது.

ஈஸ்ட் ஆராய்ச்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. பட்டினி போட்ட ஈஸ்ட்டின் வாக்குவோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் யோஷினோரி ஓசுமி, செல் தன் பழைய பாகங்களைத் தானே செரிக்கும் முறைக்கான ஜீன்களைத் தேடிப் போனார். அந்த ஜீன்களில் பல மனித செல்லிலும் இருக்கின்றன. 2016-இல் அவருக்கு நோபல் பரிசு. ஈஸ்ட்டில் தொடங்கி மனிதன் வரை வருவது உண்டு. ஆனால் ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சோதிக்க வேண்டும், அதற்குப் பல வருடம் பிடிக்கும். நடுவில் எங்கேயும் 2,400 ரூபாய் டப்பா வருவதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இப்படிப்பட்ட செய்தி வரும்போது ஈஸ்ட்டா, புழுவா, எலியா, மனிதனா என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். 'ஈஸ்ட்டில்' என்று ஒரு சொல் முன்னால் இருந்திருந்தால், அந்த ஆள் அதை வெட்டி உறையில் போட்டிருக்க மாட்டார்.

அப்புறம், அந்தச் செய்தி வந்த அதே பக்கத்தில் நான்கு வரி விளக்கம் போடுங்கள். ஈஸ்ட்டில் கண்டது, மனிதருக்கு இதனால் மருந்து எதுவும் வரவில்லை, யாரும் தங்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று இருந்தால் போதும். நான் வாயால் சொன்னதைப் பெரியம்மா பாதிதான் நம்பியிருக்கிறார். டப்பா இன்னும் அவர் வீட்டுச் சாமி மாடத்தில்தான் இருக்கிறது. பேப்பரில் வந்தால் வெட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்