பர்ஸ்டன் பள்ளிக்கூடத்துச் சுவர்

அன்புள்ள பரமசிவம்,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே குளிர் விட்டுவிட்டது. பேத்திக்கு மூன்று பல் முளைத்திருக்கிறது.

ரிட்டயர் ஆன கையோடு நம்மூர் வரலாற்றை எழுத உட்கார்ந்திருக்கிறாய். கோயில் கல்வெட்டையும் ஜமீன் கதையையும் விட்டால் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை மகன் என்னை இங்கே இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் பர்ஸ்டன் என்ற சின்னக் கிராமத்துக்குக் கூட்டிப் போனான். அதைச் சொன்னால் உனக்கு உதவும்.

1911-இல் டாம் ஹிக்டன், ஆனி ஹிக்டன் என்ற கணவன் மனைவி அந்த ஊர்ப் பள்ளிக்கு வாத்தியார்களாக வந்தார்கள். ஆனி தலைமையாசிரியை. அறுவடைக் காலத்தில் பிள்ளைகளை வகுப்பிலிருந்து வயலுக்கு இழுத்துப் போவது பண்ணைக்காரர்களுக்குப் பழக்கம். இவர்கள் அதை எதிர்த்தார்கள். டாம் விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கட்டினார். 1913 ஊர்மன்றத் தேர்தலில் அவர்தான் முதலிடம். பள்ளி நிர்வாகத்தின் தலைவராக இருந்த பாதிரியார் தோற்றுப்போனார். அப்புறம் சும்மா விடுவார்களா? குற்றப் பட்டியல் ஒன்று தயாரானது. மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் துணி காய, அனுமதி கேட்காமல் அடுப்பு மூட்டினாராம் ஆனி. அதுவும் ஒரு குற்றம்! நாற்பது வருஷம் சாக்பீஸ் பிடித்தவன் நீ, உனக்குத் தெரியும், நனைந்த பிள்ளை காதில் பாடம் ஏறுமா?

இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். 1914 ஏப்ரல் 1 அன்று வயலெட் பாட்டர் என்ற பதின்மூன்று வயதுப் பெண் முன்னால் நிற்க, 72 பிள்ளைகளில் 66 பேர் பள்ளியை விட்டு வெளியேறி, எங்கள் டீச்சர் எங்களுக்கு வேண்டும் என்று அட்டை பிடித்து ஊரைச் சுற்றி வந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோரைக் கோர்ட்டுக்கு இழுத்து அபராதம் போட்டார்கள். கூலிக்காரக் குடும்பங்கள்தான், ஆனாலும் அசையவில்லை. பாடம் முதலில் ஊர்ப் பொதுத்திடலில் நடந்தது, நம்மூர் மந்தைவெளி மாதிரி இடம். பிறகு ஒரு தச்சுப் பட்டறைக்கு மாறியது. 1917-இல் அதே திடலில் புதுப் பள்ளிக்கூடம் எழுந்தது. திறந்து வைத்தது யார் தெரியுமா? வயலெட்டேதான். டாம் இறந்த 1939 வரை அந்தப் பள்ளி நடந்தது. திடலில் பாடம் தொடங்கிய 1914-இலிருந்து எண்ணினால் இருபத்தைந்து வருஷம்!

கட்டடம் நம் ஆரம்பப் பள்ளியின் ஒரு கொட்டகை அளவுதான் இருக்கும். முன்சுவரில் கல் கல்லாகப் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். பணம் கொடுத்தவர்களின் பெயர்கள், சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள், ரயில்வே சங்கங்கள். சில எழுத்துகள் தேய்ந்துவிட்டன. விரலால் தடவித்தான் படித்தேன். ஒரு கல்லை முடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. மகன் காரிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டான், எனக்கு நகர மனம் வரவில்லை. டாமும் ஆனியும் பக்கத்துத் தேவாலயக் கல்லறையிலேயே அருகருகே கிடக்கிறார்கள். பாதிரியாரை எதிர்த்தவர்களுக்குக் கடைசியில் அதே தேவாலயத்து மண்.

பரமசிவம், ஜமீன் கதை இருக்கட்டும். நாம் ஆறாவது படித்தபோது, மதியச் சோற்றில் புழு கிடந்ததென்று பெண்பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் எழுந்தது யார் என்று எனக்குப் பெயர் வரவில்லை. உன் அக்கா அந்த வகுப்புதான். முதலில் அவரிடம் கேட்டு எழுதி வை. பழைய வருகைப் பதிவேடு பள்ளி பீரோவில் இன்னும் இருந்தால், கரையான் அரிப்பதற்குள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமலிங்கம்