மூன்றாம் பருவம் தொடங்குகிறது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தா, அம்மாயி, தாத்தாக்களுக்கும் வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. மூன்றாம் பருவப் புத்தகங்களையும் நோட்டுகளையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டோம். பொங்கல், குடியரசு நாள், ஆண்டு விழா, அடுத்த ஆண்டுச் சேர்க்கை என்று இந்தப் பருவத்தில் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றிலும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரமில்லாதவர்கள் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசித்துவிடுவார்கள். எங்காவது தடுமாறினால் திட்ட வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், எழுத்துக் கூட்டி அவர்களே வாசித்துவிடுவார்கள்.

முதலில் வருகையைப் பற்றி. மார்கழிப் பனியில் மல்லிகையும் முல்லையும் வரத்துக் குறைந்து விலை ஏறி நிற்கிற நேரம் இது. தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். ஒரு கிலோ கூடுதலாகப் பறித்தால் வீட்டுக்கு எவ்வளவு உதவி என்று எனக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கீரமங்கலம் கமிஷன் கடைக்குப் பூவைக் கொண்டுசேர்க்க வேண்டிய அவசரமும் தெரியும். ஆனால் இந்த மாதம் சின்னப் பிள்ளைகளையும் கூடவே கூட்டிப்போவது அதிகமாகியிருக்கிறது. பனியில் நனைந்து மொட்டுப் பறித்த பிள்ளை, பத்து மணிக்கு வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொக்கிவிடுகிறது. அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது எதுவும் மனதில் நிற்பதில்லை. இரண்டு நாள் இப்படிப் போனால், மூன்றாம் நாள் பள்ளிக்கு வரவே தயங்குகிறது. தயவுசெய்து பள்ளி நாட்களில் பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் சொல்லி, எட்டேகால் மணிக்குப் பள்ளியில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

எட்டேகால் என்று சொல்வது காலை உணவுக்காக. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. நீங்கள் நாலு மணிக்கே கிளம்பிப் போனாலும் உங்கள் பிள்ளை பசியோடு வகுப்பில் உட்காராது. சமைப்பது வெளியாள் யாருமில்லை, நம் ஊர் மகளிர் குழு அக்காதான். உப்புமா, கிச்சடி, பொங்கல் எதுவானாலும் காய் போட்ட சாம்பாரோடு சூடாக இருக்கும். முதல் வகுப்பில் ஒரு பையன் கேரட் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிடுவான். அக்கா அவனுக்கு எதிரே உட்கார்ந்து, “இதில் எத்தனை இருக்கு, எண்ணு பார்ப்போம்” என்பார். எண்ணி முடித்ததும், “இப்போ ஒன்றைத் தின்னு, மிச்சம் எத்தனை?” என்பார். கழித்தல் கணக்கும் முடிந்துவிடும், கேரட்டும் முடிந்துவிடும். வருகிற வழியில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். அது வயிற்றை அடைத்துவிடும், இந்தச் சாப்பாடு வீணாகும்.

அடுத்தது, பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி. “என் மகள் மூன்றாம் வகுப்பு, அவளை ஏன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறீர்கள்?” நம் பள்ளி ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புகள், நாங்கள் இரண்டு பேர். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். எழுத்துகளை இப்போதுதான் பழகுகிற பிள்ளை அரும்பு. சொற்களை வாசிக்கத் தொடங்கிய பிள்ளை மொட்டு. அந்தந்த வகுப்புக்கு உரியதைச் செய்யத் தயாராக இருக்கிற பிள்ளை மலர். இதில் எந்தப் பிள்ளைக்கும் குறைவு கிடையாது. ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளைகளில் பலர் இப்போது மொட்டுக்கு வந்துவிட்டார்கள். தெரியாததைத் தெரிந்ததாக நடிக்க வைத்து மேல் வகுப்புக்குத் தள்ளிவிடுவதைவிட, இப்படி நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுப்பதில்தான் எனக்கு முழு நம்பிக்கை. ஆனால் வீட்டில், “உன் தம்பியே மலர், நீ இன்னும் மொட்டா?” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட வீட்டுப் பிள்ளை மறுநாள் வாயையே திறப்பதில்லை.

இனி, இந்தப் பருவத்தில் நான் மிகவும் ஆசைப்பட்டுத் தொடங்குகிற ஒரு காரியம். வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் நம் பள்ளியில் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி உள்ள புத்தகத்திலிருந்து, முழுக்கதையாக ஓடுகிற புத்தகம் வரை உண்டு. பிள்ளைகள் இவற்றை எடுத்துப் படிக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை சத்தமாக வாசித்து முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். இரண்டு ஆசிரியர்களால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைச் செய்ய முடியவில்லை.

அதற்கான ஆட்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். 1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து எழுத்துக் கற்ற பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் அறிவொளியின் வேலையாகவே ஆக்கினார். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள், பிள்ளையைப் பின்னால் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தைக்குப் போனார்கள். அன்றைக்கு இளம்பெண்ணாக இருந்தவர்கள்தான் இன்றைக்கு நம் பிள்ளைகளின் அப்பத்தாக்களும் அம்மாயிகளும்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசிப் பாடவேளை இனி வாசிப்பு நேரம். கஜா புயலில் பெரிய வேம்பு விழுந்த பிறகு நட்ட புங்கை இப்போது நன்றாக நிழல் கொடுக்கிறது. அதன் அடியில் பாய் விரித்து வைப்போம். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் வந்து உட்காருங்கள். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். பிள்ளை வாசிக்கும், நீங்கள் கேட்பீர்கள். “அப்புறம் அந்த நரி என்ன பண்ணுச்சு?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளை அடுத்த பக்கத்தைத் தானே புரட்டும். எழுத்து மறந்துபோச்சு என்று தயங்க வேண்டாம். எழுத்தே தெரியாதவர்களும் வரலாம். கதை கேட்கத் தெரிந்தால் போதும். வாசிப்பு முடிந்தபின் நேரமிருந்தால் நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள், ஒரு விடுகதை போடுங்கள். பல்லாங்குழியை எடுத்து வாருங்கள். சோழியைப் பிரித்துப் போட்டு ஆடும்போது பிள்ளைகள் போடுகிற மனக்கணக்கை நான் கரும்பலகையில் கொண்டுவரப் பெரும்பாடு படுகிறேன்.

பொங்கலுக்கு வருவோம். விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் பள்ளி வளாகத்தில் பொங்கல் வைக்கிறோம். பணம் எதுவும் வசூலிக்கவில்லை, யாரும் கொடுக்கவும் வேண்டாம். வீட்டில் இருக்கிற அரிசியில் ஒரு கைப்பிடி போதும். எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில் வேக வேண்டும் என்பதுதான் என் ஆசை. எந்தத் தெருவிலிருந்து வந்தது, யார் வீட்டு அரிசி என்று அந்தப் பானைக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியக் கூடாது. கோலம் போட ஐந்தாம் வகுப்புப் பையன்களும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

பொங்கலை ஒட்டி நம் மாவட்டத்தில் ஜல்லிக்கட்டுக் காலமும் தொடங்கிவிடும். தச்சங்குறிச்சியில் முதல் வாடிவாசல் திறந்தால் கோடை வரைக்கும் எங்காவது ஒரு ஊரில் நடந்துகொண்டேதான் இருக்கும். காளை வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அதன் மேல் இருக்கிற பாசம் தெரியும். கூட்டிப் போங்கள், ஆனால் பிள்ளையை மேடையிலோ தடுப்புக்கு வெளியே பாதுகாப்பான இடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். மாடு சேர்கிற இடத்துக்குப் பிள்ளைகள் வேண்டவே வேண்டாம். அப்புறம், பள்ளி நாளில் நடக்கிற ஜல்லிக்கட்டுக்காக லீவு போட வேண்டாம்.

ஜனவரி 26 காலை கொடியேற்றம். மிட்டாயோடு கிளம்பிவிடாதீர்கள், அன்றைக்கே கிராம சபையும் கூடுகிறது. இந்த ஆண்டுக் கூட்டத்தில் நம் பள்ளிக்காக இரண்டு கோரிக்கைகள் வைக்கிறோம். ஒன்று, பின்பக்கச் சுற்றுச்சுவரில் இடிந்து கிடக்கும் பகுதி. அந்த வழியாக ஆடுகள் வந்து, பிள்ளைகள் போட்ட கீரைப்பாத்தியை இரண்டு முறை மேய்ந்துவிட்டன. ஆடு வருகிற வழியில் பாம்பும் வரும். இன்னொன்று, கழிப்பறைக்குத் தனியாகத் தண்ணீர் இணைப்பு. இப்போது குடத்தில் பிடித்து வைக்கிறோம், மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருப்பதை நான் பார்க்கிறேன். இது இப்படியே தொடரக் கூடாது. தலைமையாசிரியர் மனு கொடுத்தால் அது ஒரு காகிதம். இருபது அம்மாக்கள் கிராம சபையில் எழுந்து நின்று கேட்டால் அது தீர்மானமாகும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பேச உரிமை இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார்களும் அன்று விடுமுறை என்பதால் கட்டாயம் வாருங்கள்.

பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் முன்னாலேயே மென்று விழுங்க வைப்போம். காய்ச்சலோ வேறு மருந்தோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆதாரில் கைரேகை புதுப்பிக்காத பிள்ளைகளின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 28 அறிவியல் நாள். 1928இல் அதே நாளில் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. சர் சி.வி. ராமன் பக்கத்துத் திருச்சியில் பிறந்தவர். பிள்ளைகளுக்கு இந்த முறை ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தாத்தா காலத்தில் கிணற்றில் எத்தனை முழக் கயிறு விட்டால் தண்ணீர் எட்டியது, இப்போது போர் எத்தனை அடி என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வர வேண்டும். அதைப் பெரிய வரைபடமாக ஒட்டப்போகிறோம். உங்களிடம் வந்து கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

ஆண்டு விழாவைப் பிப்ரவரி கடைசியில் ஒரு மாலையில் வைக்கலாம் என்று நினைக்கிறோம். கோவிலில் காப்புக் கட்டும் நாளைப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத் தேதியை உறுதி செய்வோம். ஆடைகளை வாடகைக்கு எடுக்க வேண்டாம். போன ஆண்டு ஒரு வீட்டில் அதற்காகக் கடன் வாங்கியதாகக் கேள்விப்பட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிச் சீருடையிலும் அழகாக ஆடலாம். அம்மாக்கள் ஒரு கும்மி, அப்பாக்கள் ஒரு நாடகம் போட்டால் பிள்ளைகள் ஆண்டு முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாகச் சேர்க்கை. மார்ச்சிலேயே தொடங்கிவிடுவோம். ஐந்து வயது முடிகிற பிள்ளைகளைக் கொண்டுவந்து சேருங்கள். காலையில் வேன் வந்து நம் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். எந்தப் பெற்றோர் மீதும் எனக்கு வருத்தமில்லை, பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அனுப்புகிறீர்கள். ஆனால் ஒரு நாள் முழுக்க நம் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கதவு திறந்தே இருக்கும், முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு இன்னொன்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் இருக்கின்றன. ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்வதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அரசுப் பள்ளியில் சேர்க்க விரும்பினால் நானே உங்களோடு வருகிறேன்.

கடிதத்தோடு ஒரு சின்னத் துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வாசிப்புக்கு வீட்டிலிருந்து யார் வருவார்கள், கிராம சபைக்கு யார் வருவார்கள், கும்மிக்கா நாடகத்துக்கா என்பதைப் பிள்ளை கையால் எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்டு திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி