வாரண்டி என்று எழுதிவிட்டால் வாரண்டி ஆகிவிடுமா?

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குத் தினமும் கார் ஓட்டிப் போய் வருகிறவன் நான். என் மருமகன் அடுத்த கிழமை ஒரு ரீகண்டிஷன் கார், அதாவது வெளிநாட்டில் ஓடி இறக்குமதியான கார், எடுக்கப்போகிறான். விலை பேசி முடிந்ததும் விற்பனையாளர் அவனிடம் ஒரு வழுவழுப்பான கடதாசியை நீட்டியிருக்கிறார். இரண்டு வருட வாரண்டியாம். தருவது காரைச் செய்தவருமில்லை, விற்பவருமில்லை, மூன்றாவதாக ஒரு கொம்பனி. அதே மாதிரிக் கடதாசி ஒன்று என் அலுமாரியிலும் கிடக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

2022 ஒக்டோபரில் நான் கார் வாங்கினேன். வாகன இறக்குமதி நின்று இரண்டரை வருடமாகியிருந்தது. பழைய கார்கள் யானை விலை விற்றன. எரிபொருள் பங்கீட்டு க்யூ. ஆர். காட்டினால் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல். அந்த நேரத்தில் பெற்றோலோடு பட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் என்றாலே ஆசை வந்தது. கூடவே பயமும் வந்தது, பட்டரி படுத்தால் என்ன செய்வது என்று. அந்தப் பயத்துக்கு விலை 140,000 ரூபாய். “எஞ்சின், கியர் பொக்ஸ், ஹைபிரிட் பட்டரி எல்லாம் கவர் அண்ணை, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்” என்று வாரண்டியை விற்ற தம்பி நல்ல தமிழில் சொன்னார். ஒப்பந்தமோ ஆங்கிலத்தில் மட்டும், 14 பக்கம். நானும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். பிழை என்னுடையதும்தான்.

பதினான்காம் மாதம், பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கொம்பனி சொன்ன கராஜுக்கே கொண்டுபோனேன். கழற்றிப் பார்க்கும் கூலி என் தலையில்; கோரிக்கை ஏற்கப்பட்டால் மட்டும் திருப்பித் தருவார்களாம். கழற்றினார்கள். பட்டரிக்குக் காற்று இழுக்கும் விசிறியில் தூசு அடைத்திருந்தது. பின் ஆசனத்தருகே உள்ள சின்ன ஓட்டை வழியாகத்தான் அது காற்றை இழுக்கிறது. கொழும்பு வெக்கையில் அது அடைத்தால் செல்கள் சூடேறிச் சாகும். ஆகவே இது பழுது அல்ல, பராமரிப்புக் குறை என்றார்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சேர்விஸ் என்பது நிபந்தனை; நான் ஒருமுறை 5,640இல் செய்திருந்தேன், அதுவும் தெஹிவளையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸிடம். கதை முடிந்தது.

கடைசியில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பாஸ் செத்த செல்களை மட்டும் மாற்றித் தந்தார். இந்த வகைப் பட்டரி ஒரே கட்டி அல்ல, தொகுதி தொகுதியாகக் கழற்றலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். செலவு, வாரண்டிக்குக் கட்டிய காசைவிடக் கொஞ்சம் குறைவு!

வீட்டுக்கு வந்துதான் 14 பக்கத்தையும் வாசித்தேன். ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பு 150,000 ரூபாய். முழுப் பட்டரியையும் புதிதாகப் போட்டால் அது எந்த மூலைக்குக் காணும்? கையிலுள்ள காசால் சமாளிக்க முடியாத அடி விழும் என்றுதானே மனிதர் இப்படிப்பட்டதை வாங்குகிறார்கள். அந்த அடி விழுந்தால் மிச்சம் நம்முடையது. சின்ன அடிக்கோ தேய்மானம், முன்பே இருந்த குறை, பராமரிப்புக் குறை என்று மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன, அவர்கள் வெளியேற. நாம் கட்டும் காசில் விற்பனையாளரின் கொமிஷனும் கொம்பனியின் இலாபமும் போய் மீதியில்தான் பழுதுக்குக் கொடுக்கிறார்கள். மருமகனிடம் சொல்லிவிட்டேன்: அந்தக் காசைத் தனிக் கணக்கில் போட்டு வை, ஒரு பகுதியைக் கொடுத்து வாங்குமுன் நல்ல பாஸிடம் காரைக் காட்டு. புதுக் காருக்கு ஏஜன்டே தரும் வாரண்டி நீடிப்பு வேறு விஷயம். அதை நான் குறை சொல்லவில்லை.

இனி உங்களிடம். உங்கள் அதிகாரசபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உற்பத்தியாளரோ வணிகரோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி உங்களிடம் முறையிட வழிசெய்கிறது. மூன்றாம் ஆள் கொடுத்தால்? அதே பிரிவு, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் வரவேண்டும் என்கிறது. என் பட்டரி பதினான்காம் மாதத்தில் படுத்தது. இரண்டு வருடத்துக்கு விற்ற வாக்குறுதிக்கு மூன்று மாத வாசல் எப்படிப் போதும்? அவர்கள் கைவிரித்த நாளிலிருந்து எண்ணலாமா என்பதையாவது தெளிவாக அறிவியுங்கள்.

பழுது வந்தால் பணம் தருகிறேன் என்று முன்கூட்டியே காசு வாங்குவது காப்புறுதி இல்லையென்றால் வேறென்ன? காப்புறுதி செய்ய 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு வேண்டும். இந்தக் கொம்பனிகள் எந்தப் பக்கம் என்பதைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவோடு பேசி முடிவு செய்யுங்கள். நாளை கொம்பனி மூடினால் யார் பொறுப்பு என்பதும் அப்போதுதான் தெரியும். இன்னொரு வேடிக்கை: சில நிலைமைகளில் விற்ற பொருளின் தரத்துக்கு விற்றவரே பொறுப்பு என்ற கொள்கை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. இந்தக் கடதாசி வந்தபின் அவர் “அவர்களிடம் போங்கள்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கிறார்.

இது நம்மூர் நோய் மட்டுமில்லை. அமெரிக்காவில் இத்தகைய ஒப்பந்தங்களை விற்கும் கார்ஷீல்ட் நிறுவனம், விளம்பரங்களில் ஏமாற்றியதாக ஃபெடரல் வர்த்தக ஆணைக்குழு சாட்டிய குற்றச்சாட்டைத் தீர்க்க, 2024 ஜூலையில் 1 கோடி டொலர் கட்ட உடன்பட்டது. அங்கே கேட்க ஓர் ஆள் இருந்தார்.

நான் கேட்பது பெரிதல்ல. பணம் தரப்போவது யார், ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு வரை, எதெதற்கு இல்லை என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று வர்த்தமானியில் ஒரு பணிப்புரை வெளியிடுங்கள். கையெழுத்து வைத்தபின் ஒரு கிழமைக்குள் மனம் மாறினால் காசு திரும்பக் கிடைக்கவும் வழி செய்யுங்கள்.

என் ஒப்பந்தத்தின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். உச்சவரம்பு பதினொராம் பக்கத்தில், அடியில் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைக் கார்க்காரன் ஒருவன்